மூன்று கடவுளர் புதிரைத் தந்த ஜார்ஜ் பூலோஸ் உண்மையில் என்ன செய்தார்?

‘உலகின் மிகக் கடினமான தர்க்கப் புதிர்’ என்ற பெயரில் சுற்றிவரும் மூன்று கடவுளர் புதிரை எழுதிய ஜார்ஜ் பூலோஸ் யார், புதிர் எழுதுவதுதான் அவருடைய தொழிலா, கணினிப் பாடத்தில் வரும் பூலியன் இயற்கணிதத்துக்குப் பெயர் தந்தவரும் அவர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: அவர் இல்லை. பூலியன் இயற்கணிதம் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜார்ஜ் பூலின் பெயரால் வழங்குவது. பூலோஸ் 1940 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்ஐடியில், ஏறத்தாழ 27 ஆண்டுகள் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். ஒரே துறையில் இரண்டு ஜார்ஜ்கள், பெயரும் ஏறக்குறைய ஒன்றே என்பது வெறும் தற்செயல்தான்.

புதிர் எழுதுவது அவர் தொழிலன்று, ஆனால் புதிர்கள் மீது அவருக்கு இருந்த பித்து மெய்யானது. 1993இல் லண்டன் ‘தி டைம்ஸ்’ இதழ் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டியில் வட்டார இறுதிச் சுற்றுவரை போனவர் அவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1961இல் பட்டம் பெற்றபோது, தர்க்கவியலாளர் கோடெலின் முதல் முழுமையின்மைத் தேற்றத்துக்கு (எண்கணிதத்தைப் பேசும் முரணில்லாத முறைமை எதிலும், நிறுவவோ மறுக்கவோ முடியாத கூற்று இருக்கும் என்பது அது) எளிய நிறுவல் ஒன்றைத் தம் இளநிலை ஆய்வேடாக எழுதினார். அதற்கு வழிகாட்டியவர் பின்னாளில் பொய்யர்–மெய்யர் புதிர்களால் உலகப் புகழ்பெற்ற ரேமண்ட் ஸ்மல்யன். பூலோஸின் இரண்டு ஆசைகளும், அதாவது கோடெலும் புதிரும், இருபது வயதிலேயே ஒரே ஆசிரியரிடத்தில் கூடியிருந்தன என்று சொல்லலாம்.

பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் 1963இல் பி.ஃபில். என்ற மேற்பட்டம், 1966இல் எம்ஐடியில் தத்துவவாதி ஹிலரி புட்னமின் வழிகாட்டலில் முனைவர் பட்டம். எம்ஐடி தத்துவத்தில் வழங்கிய முதல் முனைவர் பட்டமே அதுதான். வாய்மொழித் தேர்வின் முடிவில் புட்னம், “மிஸ்டர் பூலோஸ், நீங்கள் ஆராய்ந்திருக்கும் இந்தப் பகுப்பாய்வுப் படிநிலைக்கும் மெய்யுலகுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டதாகவும், பூலோஸ் சற்றும் தயங்காமல், “அது மெய்யுலகின் ஒரு பகுதி” என்று சொன்னதாகவும் துறை வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. (பகுப்பாய்வுப் படிநிலை என்பது கணிதக் கூற்றுகளை அவற்றின் சிக்கலுக்கேற்ப அடுக்கும் வரிசை.) கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் கற்பித்துவிட்டு, 1969இல் எம்ஐடிக்குத் திரும்பியவர் கடைசிவரை அங்கேயே இருந்தார்.

புதிரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அ, ஆ, இ என மூன்று கடவுளர். ஒருவர் எப்போதும் மெய் பேசுபவர், ஒருவர் எப்போதும் பொய் பேசுபவர், மூன்றாமவர் மனம்போனபடி பேசுபவர். யார் எவர் என்பதை, ஆம்–இல்லை என்று விடை வரக்கூடிய மூன்றே கேள்விகளால் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் ஒரே ஒரு கடவுளிடம்தான் கேட்கலாம். நம் மொழி அவர்களுக்குப் புரியும்; ஆனால் அவர்கள் ‘டா’, ‘ஜா’ என்று தங்கள் மொழியில்தான் விடை சொல்வார்கள், அவற்றில் எது ஆம், எது இல்லை என்பது நமக்குத் தெரியாது. 1992இல் இத்தாலிய நாளிதழ் ‘லா ரெபுப்ளிக்கா’விலும், 1996இல் ஹார்வர்டு தத்துவ இதழிலும் இதை வெளியிட்ட பூலோஸ், புதிரை உருவாக்கியவர் ஸ்மல்யன் என்றும், ‘டா–ஜா’ முடிச்சைச் சேர்த்தவர் கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி என்றும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பூலோஸ் புதிரின் தந்தை என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அந்தக் கட்டுரையில் பூலோஸ் பெரிய புதிருக்கு முன்னால் மூன்று சிறிய புதிர்களை வைக்கிறார். அவற்றில் முதலாவதை நீங்களே ஒரு சீட்டுக்கட்டை எடுத்து விளையாடிப் பார்க்கலாம். இரண்டு ஏஸ், ஒரு ஜாக்கி, மூன்றையும் நான் குப்புறக் கவிழ்த்து வரிசையாக வைக்கிறேன். எது எங்கே என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒரு சீட்டைச் சுட்டிக்காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். சுட்டியது ஏஸ் என்றால் உண்மையைச் சொல்வேன். ஜாக்கி என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். ஓர் ஏஸை ஐயமறக் கண்டுபிடிக்க வேண்டும். வழி இதுதான்: நடுச்சீட்டைச் சுட்டி, “இடப்பக்கச் சீட்டு ஏஸா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் இடப்பக்கத்தை எடுங்கள், இல்லை என்றால் வலப்பக்கத்தை எடுங்கள். நடுச்சீட்டு ஏஸாக இருந்தால் நான் உண்மைதான் சொல்லியிருப்பேன். அது ஜாக்கியாக இருந்தால் நான் என்ன உளறியிருந்தாலும் இரு பக்கமும் ஏஸ்தான். நடுச்சீட்டு எதுவென்று கடைசிவரை உங்களுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஒரு கூற்று ஒன்று மெய், அல்லது அதன் மறுப்பு மெய் என்ற விலக்கிய நடு விதியை வைத்துக்கொண்டு மட்டுமே இங்கே வேலை நடக்கிறது. அந்த விதி இல்லாவிட்டால் நாம் சிந்திக்கும் ஆற்றல் ஏறக்குறைய முடங்கிப்போகும் என்பதைக் காட்டவே பூலோஸ் இந்தப் புதிர்களை எழுதினார்.

கடவுளர் புதிருக்கும் இதே உத்திதான் சாவி. மெய்யர், பொய்யர் இருவரில் எவரிடமும் “நான் உங்களிடம் இன்ன கேள்வியைக் கேட்டால் ‘ஜா’ என்பீர்களா?” என்று கேட்டால், அந்த உள்கேள்விக்கு உண்மையான விடை ஆம் என்றால் ‘ஜா’வும், இல்லை என்றால் ‘டா’வும் வரும், ‘ஜா’வின் பொருள் எதுவானாலும் இது மாறாது. கடவுள் மெய்யரா பொய்யரா, உண்மையான விடை ஆமா இல்லையா, ‘ஜா’வின் பொருள் ஆமா இல்லையா என்பவற்றால் வரும் எட்டு நிலைகளையும் ஒரு தாளில் எழுதிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நடுவில் இருக்கும் ஆ-விடம் “அ மனம்போனபடி பேசுபவரா?” என்ற கேள்வியை இப்படிச் சுற்றிவளைத்துக் கேட்டால், ‘ஜா’ வந்தால் இ-யும், ‘டா’ வந்தால் அ-வும் மனம்போனபடி பேசுபவர் அல்லர் என்பது உறுதி. சீட்டு விளையாட்டில் செய்ததேதான். மனம்போனபடி பேசாத அந்தக் கடவுளிடமே மீதி இரு கேள்விகளைக் கேட்டு முடித்துவிடலாம். இந்த எளிய வடிவம் பூலோஸுடையதன்று. 2000க்குப் பிறகு வந்த கட்டுரைகளில் உருவானது. அவருடைய தீர்வு, ‘இது மெய்யானால், ஆனால் மட்டுமே’ என்ற இணைப்பை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கியது. சரியானதுதான், வாசிக்கக் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

இனி அவருடைய உண்மையான வேலைக்கு வருகிறேன். அதைத் தொடங்கிவைத்தது, ‘நிறுவத்தக்கது’ என்ற சொல்லுக்கே ஒரு தர்க்கம் உண்டா என்ற கேள்வி. 1931இல் கோடெல் தம் இரண்டாம் தேற்றத்தில் காட்டியது இது: எண்கணிதத்தைப் பேசக்கூடிய, முரணில்லாத எந்த முறைமையும் தன் முரணின்மையைத் தானே நிறுவ முடியாது. 1955இல் தர்க்கவியலாளர் மார்ட்டின் லோப் இன்னும் விந்தையான ஒன்றை நிறுவினார். ‘இக்கூற்று நிறுவத்தக்கதானால் இது மெய்’ என்பதை ஒரு முறைமை நிறுவுமானால், அது அக்கூற்றையே நிறுவிவிடும். அதாவது, முறைமை தன்னைத் தானே நம்புகிறேன் என்று சொல்லும் உரிமை, அது ஏற்கெனவே நிறுவிய கூற்றுகளுக்கு மட்டுமே உண்டு. தத்துவத்தில் ‘இன்றியமையாமை’, ‘இயலுமை’ ஆகியவற்றை ஆராய மோடல் தர்க்கம் என்ற கருவி ஏற்கெனவே இருந்தது. அதில் ஒரு சிறு சதுரக் குறி ‘இன்றியமையாதது’ என்று பொருள்படும். அந்தச் சதுரத்தை ‘நிறுவத்தக்கது’ என்று வாசித்து, லோபின் தேற்றத்தையே ஓர் அடிக்கோளாக, அதாவது நிறுவாமலே ஏற்கும் தொடக்கக் கூற்றாக, வைத்தால் கிடைக்கும் தர்க்கம்தான் நிறுவல் தர்க்கம். எண்கணிதம் தன் நிறுவல்களைப் பற்றித் தானே நிறுவக்கூடிய பொதுவிதிகள் அனைத்தையும் இந்தச் சிறிய தர்க்கம் பிடித்துவிடுகிறது என்று 1976இல் கணிதவியலாளர் ராபர்ட் சோலவே நிறுவினார்.

இத்துறை பூலோஸ் ஒருவருடையதன்று. இத்தாலியர்களும் டச்சுக்காரர்களும் அதே ஆண்டுகளில் அதே நிலத்தை உழுதுகொண்டிருந்தார்கள். ஆனாலும் அதற்கு முதல் நூலை எழுதியவர் பூலோஸ்தான். 1979இல் முரணின்மையின் நிறுவவியலாமை பற்றி ஒரு நூல், 1993இல் நிறுவலின் தர்க்கம் பற்றி அதைவிட விரிந்த இன்னொரு நூல். இரண்டாவது வந்த பிறகு முதலாவதைத் தேட வேண்டிய அவசியமில்லை. தர்க்கவியலாளர் ஹார்வி ஃபிரீட்மன் 1975இல் வெளியிட்ட 102 திறந்த வினாக்களில் ஒன்று, நிறுவத்தக்கமை, முரணின்மை ஆகிய கருத்துகளை மட்டும் அடுக்கி அமைக்கும் கூற்றுகளில் எவை மெய் என்பதை இயந்திரமுறையில் தீர்மானிக்க முடியுமா என்பது. முடியும் என்று அடுத்த ஆண்டே காட்டியவர்களில் பூலோஸும் ஒருவர்.

இவ்வளவு கடினமான பொருளை எடுத்துக்கொண்டு அவர் செய்த ஒரு சாகசத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1994இல் ‘மைண்ட்’ என்ற தத்துவ இதழில், கோடெலின் இரண்டாம் தேற்றத்தை ஆங்கிலத்தின் ஓரசைச் சொற்களை மட்டுமே கொண்டு விளக்கிச் சின்னஞ்சிறிய கட்டுரை ஒன்றை எழுதினார். அதன் சாரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். இரண்டும் இரண்டும் நான்கு என்று நிறுவலாம். அப்படி நிறுவ முடியும் என்பதையும் நிறுவலாம். இரண்டும் இரண்டும் ஐந்து அல்ல என்பதையும் நிறுவலாம். சரி, இரண்டும் இரண்டும் ஐந்து என்று நிறுவவே முடியாது என்பதை நிறுவ முடியுமா? கணிதம் வெறும் பிதற்றல் இல்லையென்றால், முடியாது. ஒருவேளை அதை நிறுவ முடிந்துவிட்டால், இரண்டும் இரண்டும் ஐந்து என்பதையும் நிறுவிவிடலாம். நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைச் சொன்னாலும், இந்த விளையாட்டு தமிழில் நடக்காது. ‘கை’ கூட ‘கையால்’ என்றவுடன் நீண்டுவிடுகிறது. ஆனால் விளையாட்டின் நோக்கம் அசை எண்ணுவதில் இல்லை. கலைச்சொற்களை எல்லாம் பிடுங்கிவிட்ட பிறகும் தேற்றம் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அது. 1989இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில், ‘இத்தனை சொற்களுக்குள் சொல்ல முடியாத மிகச் சிறிய எண்’ என்ற பெர்ரியின் முரணுரையிலிருந்து (அந்த எண்ணை இந்தச் சிறு தொடரே சொல்லிவிடுகிறதே!) முதல் தேற்றத்துக்குப் புதிய நிறுவல் ஒன்றைத் தந்ததும் அதே மனப்பாங்கில்தான்.

என் கணிப்பில் பூலோஸின் ஆழமான பங்களிப்பு இவற்றுக்கும் அப்பால், ‘சில’ என்ற சொல்லில் இருக்கிறது. பின்னணி இது. பள்ளியிலும் கல்லூரியிலும் கற்பிக்கப்படும் முதல்நிலைத் தர்க்கத்தில் ‘எல்லாப் பொருள்களும்’, ‘ஏதேனும் ஒரு பொருள்’ என்று பேசலாம். இரண்டாம்நிலைத் தர்க்கத்தில் பொருள்களின் தொகுப்புகளைப் பற்றியும் அவ்வாறே பேசலாம். ஹார்வர்டின் தத்துவவாதி குவைன் இதைக் கடுமையாக எதிர்த்தார். இது தர்க்கமே இல்லை, ஆட்டுத்தோல் போர்த்திவந்த கணக் கோட்பாடு என்றார் அவர். கணம் என்பது பல பொருள்களின் தொகுப்பையே தனி ஒரு பொருளாக எண்ணுவது. இரண்டாம்நிலை வாக்கியம் ஒன்றைச் சொன்னவுடனேயே கணங்கள் என்ற அருவப் பொருள்கள் உலகில் இருப்பதாக ஒப்புக்கொண்டுவிடுகிறோம் என்பது அவர் வாதம்.

1984இல் எழுதிய கட்டுரையில் பூலோஸ் இதற்குச் சொன்ன மறுமொழி, சாதாரணப் பேச்சிலிருந்து எடுத்தது. ‘சில விமர்சகர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் மட்டுமே மெச்சிக்கொள்கிறார்கள்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் இலக்கிய உலகில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. முதுகு சொறிதல் என்று ஒரு பெயரே இருக்கிறது. பீட்டர் கீச், டேவிட் காப்லன் ஆகியோர் பெயரால் வழங்கும் இந்த வாக்கியத்தை முதல்நிலைத் தர்க்கத்தில் எழுதவே முடியாது என்று காப்லன் நிறுவியிருந்தார். அப்படியானால் இதைச் சொல்கிறவர் ‘விமர்சகர்களின் கணம்’ என்ற பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுகிறாரா? இல்லை, அவர் விமர்சகர்களைப் பற்றித்தான் பேசுகிறார், பன்மையில் பேசுகிறார், அவ்வளவுதான் என்றார் பூலோஸ். ‘சீரியோஸ்’ என்ற காலைச் சிற்றுண்டித் தானிய வளையங்களை அவர் எடுத்துக்காட்டாக வைத்தார். கிண்ணத்தில் சில வளையங்கள் இருக்கின்றன என்றால், அங்கே வளையங்கள் இருக்கின்றன. அவற்றோடு கூட அவற்றின் கணம் என்ற கூடுதல் பொருள் ஒன்றும் கிண்ணத்தில் கிடக்கிறது என்று எண்ணத் தேவையில்லை. காலையில் நாம் தின்பது கணத்தை அல்ல.

இது வெறும் நகைச்சுவை அன்று என்பதற்கு ஒரு சான்று. ‘தம்மைத் தாமே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் சில உள்ளன, அப்படிப்பட்டவை அனைத்தும் அவற்றுள் அடங்கும்’ என்பது வெளிப்படையான உண்மை. ஆனால் அவை அனைத்தையும் உறுப்பாகக் கொண்ட ஒரு கணம் உண்டு என்று சொன்னால், அது தன்னைத் தானே உறுப்பாகக் கொண்டதா என்ற கேள்விக்கு எந்த விடை சொன்னாலும் முரண்படும், தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸலின் முரணுரையில் போய் விழுவோம். ஆகவே பன்மையில் பேசுவதும் கணத்தைப் பற்றிப் பேசுவதும் ஒன்றாக இருக்க முடியாது. இரண்டாம்நிலைத் தர்க்கத்தின் பெரும்பகுதியை இப்படிப் பன்மையாகவே வாசித்துவிடலாம் என்ற இந்தக் கருத்திலிருந்துதான் இன்று பன்மைத் தர்க்கம் என்று தனி ஆய்வுத்துறையே வளர்ந்திருக்கிறது.

இரண்டாம்நிலைத் தர்க்கம் ஏன் வேண்டும் என்பதற்கு 1987இல் அவர் இன்னொரு காரணமும் காட்டினார். அதிவேகமாக வளரும் ஒரு சார்பை வரையறுக்கும் சில எளிய கூற்றுகளிலிருந்து ஒரு முடிவு வருகிறது. முதல்நிலைத் தர்க்கத்திலும் அது செல்லும். ஆனால் அங்கே அதன் நிறுவலை முழுமையாக எழுத வேண்டுமானால் தேவைப்படும் குறிகளின் எண்ணிக்கை, 65,536 இரண்டுகளை அடுக்குமேல் அடுக்காக ஏற்றினால் வரும் எண்ணைவிடக் குறையாது. பிரபஞ்சத்தில் அதற்கு இடமில்லை. இரண்டாம்நிலையிலோ நிறுவல் ஒரு சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அந்த முடிவு சரி என்று நாம் அனைவரும் உடனே உணர்கிறோம் என்றால், நாம் முதல்நிலைத் தர்க்கத்தில் மட்டும் சிந்திப்பவர்கள் அல்ல என்றுதானே ஆகிறது?

அதே 1987இல்தான் ஃப்ரேகெ பற்றிய அவருடைய முக்கியமான கட்டுரையும் வந்தது. எண்கணிதம் முழுவதும் தர்க்கத்திலிருந்தே பிறப்பது என்று காட்ட முயன்ற ஜெர்மானியர் காட்லோப் ஃப்ரேகெயின் கட்டடத்தை, மேலே சொன்ன முரணுரையைச் சுட்டி 1902 ஜூனில் ரஸல் எழுதிய ஒரே கடிதம் சாய்த்துவிட்டது. இடிபாடுகளுக்குள் உயிரோடிருந்த ஒன்றைத்தான் பூலோஸும், அவருக்கு முன் சார்ல்ஸ் பார்சன்ஸ், கிரிஸ்பின் ரைட் ஆகியோரும் கண்டெடுத்தார்கள். அது ஹியூம் கோட்பாடு: இரு வகைப் பொருள்களை ஒன்றுக்கு ஒன்றாக இணைக்க முடிந்தால், முடிந்தால் மட்டுமே, அவற்றின் எண்ணிக்கை சமம். மேசையில் ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு கத்தி வைக்கும் பணியாளரை ஃப்ரேகெ இதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். பந்தியில் ஒவ்வோர் இலைக்கு முன்னும் ஒருவர் உட்கார்ந்து, இலையும் மிஞ்சாமல் ஆளும் நிற்காமல் இருந்தால், எண்ணிப் பார்க்காமலே இரண்டும் சமம் என்று நமக்குத் தெரிகிறதே, அதுதான். இந்த ஒரு கோட்பாட்டை இரண்டாம்நிலைத் தர்க்கத்தோடு சேர்த்தால் எண்கணிதத்தின் அடிக்கோள்கள் அனைத்தையும் வருவித்துவிடலாம். இந்த முடிவுக்கு ‘ஃப்ரேகெ தேற்றம்’ என்ற பெயரை நிலைபெறச் செய்தவர் பூலோஸ். அத்துடன், இரண்டாம்நிலை எண்கணிதம் முரணற்றதானால் இதுவும் முரணற்றதே என்றும் அவர் நிறுவினார்.

ஆனால் அவர் ரைட்டோடு சேர்ந்து கொண்டாடவில்லை. ஹியூம் கோட்பாடு சொற்பொருளாலேயே மெய்யாவது, ஆகவே எண்கணிதம் ஒருவகையில் தர்க்கமே என்று ரைட் சொன்னபோது பூலோஸ் மறுத்தார். அந்தக் கோட்பாட்டின்படி ‘உள்ள பொருள்கள் அனைத்தின் எண்ணிக்கை’ என்று ஓர் எண் இருந்தாக வேண்டும். வழக்கமான கணக் கோட்பாட்டிலோ எல்லாக் கணங்களுக்குமான எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. கணிதத்தின் நிலைபெற்ற கோட்பாடு ஒன்றோடு உரசும் ஒரு கூற்றைச் சொற்பொருளாலேயே மெய் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. தாம் தூக்கி நிறுத்திய தேற்றத்துக்கே அளவுக்கு மீறிய பெருமையைக் கொடுக்க மறுத்த இந்த நேர்மை எனக்கு அவருடைய எழுத்தில் மிகவும் பிடித்தது. கணக் கோட்பாட்டிடமும் அவர் அப்படித்தான் நடந்துகொண்டார். 1971இல் கணங்கள் அடுக்கடுக்காக உருவாகின்றன என்ற கருத்தைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தவரே, அக்கோட்பாடு இருப்பதாகச் சொல்லும் மாபெரும் முடிவிலிகளை எல்லாம் உண்மையிலேயே நம்பித்தான் ஆக வேண்டுமா என்று பிற்காலத்தில் கேட்டார்.

1995இல் குறியீட்டுத் தர்க்கச் சங்கத்தின் தலைவர் பொறுப்புக்கு வந்த அவர், 1996 மே 27 அன்று கணையப் புற்றுநோயால் 55 வயதில் காலமானார். கடவுளர் புதிர் ஆங்கிலத்தில் வெளியானதும் அதே ஆண்டில்தான். அவருடைய கட்டுரைகளை நண்பர் ரிச்சர்ட் ஜெஃப்ரி தொகுக்க, ஜான் பர்ஜஸின் முன்னுரைகளோடு 1998இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் ‘லாஜிக், லாஜிக், அண்ட் லாஜிக்’ என்ற பெயரில் வெளியிட்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், புதிர்க் கட்டுரையையும் ஓரசைக் கட்டுரையையும் ஒரே மாலையில் படித்துவிடலாம். விமர்சகர்களும் சீரியோஸும் வரும் 1984 கட்டுரைக்கு, முதல்நிலைத் தர்க்கத்தின் குறியீடுகள் பழகியிருந்தால் போதும். அவை பழகாதவர்கள், 1974இல் ஜெஃப்ரியோடு சேர்ந்து அவர் எழுதிய ‘கம்ப்யூட்டபிலிட்டி அண்ட் லாஜிக்’ பாடநூலில் டூரிங் இயந்திரம் (கணினியின் எளிய கருத்து வடிவம்) பற்றிய தொடக்க அத்தியாயங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். பர்ஜஸ் திருத்திய பிற்காலப் பதிப்பே வாங்குவதற்கு ஏற்றது. 1993 நூலை மட்டும் அந்தப் பாடநூலை முடிக்கும்வரை தொடாதீர்கள்.